பனியனில் என்ன எழுதியிருக்கிறது?



சற்று நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். வகுப்பில் நான் மணியடித்த பிறகும் பாடம் நடத்துவேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி போட்டிருந்த டீ-ஷர்ட்டைப் பற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் வாக்குவாதம் நடந்தது. படம் போட்டவர் அதை எடுத்துவிட்டார், வாதம் மட்டும் நிற்கவில்லை. "வயசுக்கு வந்த புள்ள போடற துணியா இது?" என்று ஒரு பக்கம். "துணியில நாலு எழுத்து இருந்தா என்ன குடியா முழுகிப் போச்சு?" என்று மறுபக்கம். இரண்டு பக்கமும் கடைசியில் "அத்தை, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். பிள்ளையின் பெயரையோ அந்த வாசகத்தையோ இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இரட்டை அர்த்த வாசகம் உள்ள உடையைப் பிள்ளைகள் போடலாமா கூடாதா? இதே கேள்விக்காக வேறொரு நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நின்றிருக்கிறார்கள், நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

முதலில் துணியின் கதை. நாம் பனியன் என்கிறோமே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வணிகரைக் குறிக்கும் 'வாணியோ' என்ற குஜராத்திச் சொல்லில் இருந்து. ஐரோப்பியர் வாயில் அது 'பனியன்' ஆனது. முதலில் வியாபாரிகளைக் குறித்தது. பிறகு வெயிலுக்காகப் போடும் தளர்ந்த மேலங்கியைக் குறித்தது. கடைசியில் சட்டைக்குள்ளே போடும் உடுப்புக்குப் பெயராக நம்மிடமே திரும்பி வந்துவிட்டது.

டீ-ஷர்ட்டும் உள்ளாடையாகத்தான் பிறந்தது. 1913-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடற்படை தன் வீரர்களுக்குச் சீருடைக்குள்ளே போட்டுக்கொள்ளக் கொடுத்த வெள்ளைப் பருத்திப் பனியன் அது. கையை விரித்துப் பிடித்தால் ஆங்கில எழுத்து 'டீ' போல இருப்பதால் அந்தப் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது பயிற்சி முகாம்களின் பெயரை அதில் அச்சிட ஆரம்பித்தார்கள். 1942 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டையில், விமானப் படை துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் போட்ட பனியனோடு ஒரு வீரரின் படம் வந்தது. 1948 அதிபர் தேர்தலில் டூயி என்ற வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கும் வாசகத்தோடு பனியன்கள் வந்துவிட்டன. 1951-இல் மார்லன் பிராண்டோ திரைப்படத்தில் வெறும் டீ-ஷர்ட்டோடு நடித்த பிறகு, உள்ளே இருந்த உடுப்பு வெளியே வந்தது. நெஞ்சுக்கு நேரே ஒரு பலகை அளவு வெற்றிடம். மனிதன் அதை விடுவானா? 1984-இல் காதரைன் ஹாம்னெட் என்ற ஆடை வடிவமைப்பாளர், பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரைச் சந்திக்கப் போனபோது அணு ஏவுகணைகளுக்கு எதிரான வாசகத்தைப் பெரிய எழுத்தில் நெஞ்சில் போட்டுக்கொண்டே போய்க் கை குலுக்கினார். தாட்சர் குனிந்து அதைப் படிக்கும் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

ஆக, உடையில் எழுத்து என்றால் அது விளம்பரமாக இருக்கலாம், பிரசாரமாக இருக்கலாம், எதிர்ப்பாக இருக்கலாம், வெறும் குறும்பாகவும் இருக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிள்ளைகள் எழுத்துள்ள உடையைப் பள்ளிக்குப் போட்டு வரலாமா என்ற வழக்குகள் அமெரிக்காவில் அதிகம். அங்கே பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் சீருடை கிடையாது. எனவே உடை விஷயத்தில் தினமும் ஏதாவது ஒன்று தலைமையாசிரியர் மேசைக்கு வரும். அவர்கள் முடிவெடுக்க அடிப்படையாக மூன்று தீர்ப்புகள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும்.

முதலாவது 1969. அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில், 1965 டிசம்பரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகச் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு 13 வயது. பள்ளி இடைநீக்கம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. பள்ளி வாசலில் நுழைவதால் மாணவர்களோ ஆசிரியர்களோ தங்கள் பேச்சுரிமையை வெளியே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்பது அதன் சாரம். படிப்புக்கு உண்மையான இடைஞ்சல் வரும் என்றால்தான் பள்ளி தடுக்கலாம்.

இரண்டாவது 1971. பால் கோஹன் என்ற 19 வயது இளைஞர், கட்டாய ராணுவச் சேர்ப்பைத் திட்டி, நான் இங்கே எழுத முடியாத ஒரு சொல்லை மேலங்கியில் போட்டுக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தின் நடைவழியில் நடந்தார். 30 நாள் சிறைத் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒருவருக்குக் கொச்சையாகப் படுவது இன்னொருவருக்கு அவர் மனதைச் சொல்லும் மொழியாக இருக்கலாம், எந்தச் சொல் கூடாது என்று அரசு பட்டியல் போட முடியாது என்றார்கள்.

மூன்றாவது 1986. வாஷிங்டன் மாநிலத்தில் ஃபிரேசர் என்ற மாணவர், மாணவர் தேர்தலில் நண்பருக்காகப் பேசும்போது சுமார் 600 பேர் இருந்த கூட்டத்தில் பேச்சு முழுக்க இரட்டை அர்த்தத்தில் பேசினார். பள்ளி மூன்று நாள் இடைநீக்கம் செய்தது. இந்த முறை உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. பெரியவருக்குத் தெருவில் உள்ள உரிமை முழுவதும் பிள்ளைக்கு வகுப்பறையில் இருக்க வேண்டியதில்லை, நாகரிகம் கற்றுக்கொடுப்பதும் பள்ளியின் வேலைதான் என்றது.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கருத்துச் சொல்லலாம், ஆபாசம் கூடாது. காகிதத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. ஒரே வாசகத்தில் இரண்டும் கலந்து வந்தால் என்ன செய்வது?

அதற்குத்தான் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வருகிறேன். ஒன்று மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள பிட்ஸ்பர்க் நகரில். மற்றொன்று கிழக்குக் கோடியில், டெலவேர் ஆற்றங்கரையில் உள்ள ஈஸ்டன் என்ற ஊரில். இரண்டிலும் பெண் பிள்ளைகள். இரண்டிலும் பெண்ணின் மார்பைக் குறிக்கும் வாசகம்.

பிட்ஸ்பர்க், 2005. அபர்கிராம்பி அண்ட் ஃபிட்ச் என்று ஒரு பெரிய ஆடை நிறுவனம். 1892-இல் தொடங்கியது. இளவட்டங்களிடையே அதற்குப் பெரிய மவுசு. வம்பான வாசகங்களை அச்சிடுவது அதற்கு வாடிக்கையாக இருந்தது. 2002-இல் சீன வம்சாவளியினரைக் கேலி செய்யும் டீ-ஷர்ட்டுகளை விற்று, எதிர்ப்பு வந்த பிறகு திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் சிறுமிகளுக்கான உள்ளாடையில் கண்ணடிக்கும் வாசகங்களை அச்சிட்டுப் பெற்றோரின் கோபத்துக்கு ஆளானது. 2005-இல் இளம்பெண்களுக்கான டீ-ஷர்ட் ஒன்றை விற்றது. அதன் நெஞ்சுப் பகுதியில், "இவை இருக்கும்போது மூளை எதற்கு?" என்ற பொருளில் ஒரு வாசகம்.

பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த பள்ளி மாணவிகள், இருபது பேருக்கு மேல், இதைப் பார்த்துக் கொதித்தார்கள். பெண்கள் அமைப்பு ஒன்றின் துணையோடு அந்தக் கடைக்குப் போகமாட்டோம் என்று அறிவித்தார்கள். 'பாய்காட்' என்ற சொல் 1880-இல் அயர்லாந்துக் குத்தகை விவசாயிகள் ஒதுக்கிவைத்த கேப்டன் பாய்காட் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. அதில் 'பாய்' என்றால் பையன் என்பதுபோல் ஒலிக்கிறதல்லவா? இந்தப் பிள்ளைகள் தங்கள் போராட்டத்துக்கு 'கேர்ள்காட்' என்று பெயர் வைத்தார்கள்! தேசிய அளவிலான தொலைக்காட்சியில் போய்ப் பேசினார்கள். நவம்பர் மாதத்திலேயே நிறுவனம் அந்த டீ-ஷர்ட்டையும், அதே மாதிரியான இன்னொன்றையும் கடைகளிலிருந்து எடுத்துக்கொண்டது.

கவனியுங்கள். இங்கே பிள்ளைகளைத் தடுத்தது தலைமையாசிரியர் அல்ல, பெற்றோர் அல்ல, போலீஸும் அல்ல. அந்த வாசகம் யாருடைய நெஞ்சில் ஏற வேண்டும் என்று அச்சிடப்பட்டதோ, அந்த வயதுப் பிள்ளைகளே படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள்.

இப்போது ஈஸ்டன், 2010. அக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் இளம்வயதினரிடம் இந்த நோயைப் பற்றிப் பேசுவதற்காக ரப்பர் கைவளையங்களை விற்றது. அதில், நடுவே இதயப் படம் போட்டு, "எனக்கு இன்னது பிடிக்கும்" என்று ஒரு வாசகம். இன்னது என்ற இடத்தில் மார்பைக் குறிக்கும் விளையாட்டுத்தனமான கொச்சைச் சொல். பக்கத்திலேயே தொண்டு நிறுவனத்தின் பெயர்.

ஈஸ்டன் நடுநிலைப் பள்ளி அந்த வளையத்தைத் தடை செய்தது. அக்டோபர் 28, அந்தப் பள்ளியே விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடிய நாள். 12, 13 வயதுள்ள இரண்டு மாணவிகள் அன்று வளையத்தைப் போட்டு வந்தார்கள். தாய்மார்களின் சம்மதத்தோடுதான் வந்தார்கள். கழற்றச் சொன்னபோது கழற்றவில்லை. ஒன்றரை நாள் தனியறையில் உட்கார வைக்கும் தண்டனையும், பள்ளியின் குளிர்கால நடன விழாவுக்கு வரக்கூடாது என்ற தடையும் கிடைத்தன.

தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். 2011 ஏப்ரலில் மாவட்ட நீதிமன்றம் மாணவிகள் பக்கம் இடைக்காலத் தீர்ப்புத் தந்தது. பள்ளி மேல்முறையீடு செய்தது. 2013 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 14 நீதிபதிகள் உட்கார்ந்து, ஒன்பதுக்கு ஐந்து என்ற கணக்கில் மாணவிகளுக்கே தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பை ஒரு பாடம்போல மூன்றாகப் பிரித்துச் சொல்லலாம். வெளிப்படையான ஆபாசம் என்றால் பள்ளி தடுக்கலாம். இப்படியும் அப்படியும் பொருள் கொள்ளக்கூடியது, சமூகக் கருத்து எதுவும் அதில் இல்லை என்றால், அதையும் தடுக்கலாம். இரு பொருளுக்கும் இடம் தந்தாலும் அதில் ஒரு சமூகக் கருத்து நியாயமாகத் தென்படுகிறது என்றால், ஆபாசம் என்று சொல்லித் தடுக்கக்கூடாது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பள்ளியின் மனுவை எடுத்துக்கொள்ள மறுத்தது. வழக்கு முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நீதிபதிகளின் மறுப்பு எனக்குப் புரிகிறது. தினம் நூறு பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் ஓர் ஆசிரியர், ஒவ்வொரு வளையத்துக்கும் சமூகக் கருத்து உண்டா இல்லையா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியுமா? நடுநிலைப் பள்ளிப் பையன்கள் அந்தச் சொல்லைப் பார்த்தால் கொக்கரிக்க மாட்டார்களா? கேலி செய்தார்கள் என்று வழக்குப் பதிவிலேயே இருக்கிறது. 2013-இலேயே இந்தியானா மாநிலத்தில் ஒரு நீதிமன்றம் இதே வளையத்தைப் பள்ளி தடுத்தது சரி என்றும் சொன்னது. நோயிலிருந்து மீண்டு வந்த பெண்களிலேயே சிலர், "நோய் வந்தது எனக்கு, நீங்கள் ஏன் என் உடம்பின் ஒரு பகுதியைக் கொண்டாடுகிறீர்கள்?" என்று வருத்தப்பட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

ஆனால் அந்த மாணவிகள் பக்கம் என் மனம் சாய்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. உறவுக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

என் பெரியம்மா ஒருவர் மார்பில் கட்டி வந்து இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் சொல்லவில்லை, பெற்ற மகள்களிடம் சொல்லவில்லை. குளிக்கப் போகும்போது கதவைத் தாழிட்டுக்கொள்வார், சேலையை இழுத்து இழுத்துப் போர்த்துவார். புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. "எப்பிடிச் சாமி அதைச் சொல்றது?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னிடம் கேட்டார். அவருக்கு அந்த இடத்தைக் குறிக்க ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. 'இங்க' என்று கையால்தான் காட்டினார். படித்தவள் என்று என்னிடம்தான் சொல்ல முயன்றார், அதுவும் கடைசியில். நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்கு இந்தியப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். முன்கூட்டியே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். பிந்தக் காரணம் பணமும் தூரமும் மட்டுமில்லை, வெட்கமும்தான். ஆகவே 12 வயதுப் பிள்ளை ஒருத்தி அந்த உறுப்பின் பெயரைக் கையில் போட்டுக்கொண்டு, "இந்த நோயைப் பற்றிப் பேச வேண்டும்" என்று தலைமையாசிரியர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள் என்றால், அதை வெறும் அசிங்கம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எங்கள் பெரியம்மாவிடம் அந்தத் தைரியத்தில் கால்வாசி இருந்திருந்தால் அவர் பேரன் கல்யாணத்தைப் பார்த்திருப்பார்.

இப்போது பிட்ஸ்பர்க்கையும் ஈஸ்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே உறுப்பைப் பற்றிய வாசகம். ஒன்றைப் பெண் பிள்ளைகளே தூக்கி எறிந்தார்கள், மற்றொன்றுக்காகப் பெண் பிள்ளைகளே தண்டனை ஏற்றார்கள். சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். டீ-ஷர்ட்டில் கொச்சைச் சொல் ஒன்றுகூட இல்லை. 'இவை' என்று நாசூக்காகத்தான் எழுதியிருந்தது. ஆனால் அது, "உனக்கு உடம்பு போதும், அறிவு வேண்டாம்" என்று அந்தப் பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்தது. வளையத்தில் கொச்சைச் சொல் இருந்தது. ஆனால் அது, "இந்த உடம்பு நோயில்லாமல் இருக்க வேண்டும்" என்றது. அசிங்கம் சொல்லில் இல்லை, அது போட்டிருக்கும் பிள்ளையை என்னவாக்குகிறது என்பதில் இருக்கிறது.

இதற்கு இன்னொரு சாட்சி 2011. ஜேசி பென்னி என்ற கடை, 7 முதல் 16 வயதுச் சிறுமிகளுக்கு ஒரு டீ-ஷர்ட் விற்றது. "நான் ரொம்ப அழகு, வீட்டுப்பாடம் எழுத எனக்கு நேரம் இல்லை, என் அண்ணன் எழுதித் தருவான்" என்பதுபோல ஒரு வாசகம். ஆபாசம் துளியும் கிடையாது. எந்தப் பாட்டியும் ஆட்சேபிக்க மாட்டார், சிரிப்பார். ஆனால் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு தாண்டிப் படிக்க வைக்க அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இந்த வாசகத்தைத்தான் அந்த வீடுகளில் வேறு வார்த்தைகளில் கேட்டேன். இணையத்தில் கையெழுத்து இயக்கம் எழுந்து, கடை அதை உடனே விலக்கிக்கொண்டது.

அதே 2011 ஜூனில் பிரிட்டனில், அரசு கேட்டுக்கொண்டபடி ரெஜ் பெய்லி என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். குழந்தைகளைக் குழந்தைகளாக இருக்க விடுங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். வயதுக்கு மீறிய உடைகளும் வாசகங்களும் குழந்தைகள் மீது திணிக்கப்படுகின்றன என்ற பெற்றோர்களின் மனக்குறையை ஆராய்ந்த அறிக்கை அது. அதையொட்டி, சிறுவர் உடைகளில் எந்த மாதிரி வாசகங்களைத் தவிர்க்க வேண்டும் என்று சில்லறை வியாபாரிகளின் சங்கமே விதிமுறை வெளியிட்டது. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று. பொறுப்பைப் பிள்ளை தலையில் கட்டாமல், விற்கிறவன் தலையில் வைத்தார்கள். ஏழு வயசுக் குழந்தை தானாகப் போய்த் துணி எடுப்பதில்லை. வரைந்தவர் பெரியவர், அச்சிட்டவர் பெரியவர், விற்றவர் பெரியவர், காசு கொடுத்தவரும் பெரியவர். திட்டு மட்டும் குழந்தைக்கா?

"டீச்சர், அமெரிக்கா, பிரிட்டன் கதை நமக்கெதற்கு?" என்று கேட்பீர்கள். நம் ஊரிலிருந்து திருப்பூர் எத்தனை தூரம்? என்னிடம் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பிரிண்டிங் என்று அந்த ஊரில்தான் சோறு சாப்பிடுகிறீர்கள். உலகம் முழுக்கப் போடும் பனியனில் ஒரு பங்கு அங்கிருந்துதான் போகிறது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வைத்து, மையை இழுத்து, சூடு காட்டிக் காயவைத்து அனுப்புகிறோம். ஆர்டரில் வந்த வாசகம் அப்படியே அச்சாகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மையை இழுக்கும் பையனுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை, எழுத்து வழியாமல் இருந்தால் போதும்.

மிஞ்சிய சரக்கும், செகண்ட்ஸும், ஸ்டாக்லாட்டும் எங்கே போகின்றன? காதர்பேட்டைக்கு. அங்கிருந்து சந்தைகளுக்கு, தள்ளுவண்டிகளுக்கு, நம் வீட்டுக்கு. ஏதோ ஒரு நாட்டில், அந்த மொழி தெரிந்த கல்லூரி இளைஞனுக்கென்று எழுதிய வாசகம், நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று நம் ஊர் ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சில் ஏறுகிறது. வாங்கிக் கொடுத்த அப்பாவுக்கும் பொருள் தெரியாது. பள்ளியில் சீருடை, அதனால் அங்கே பிரச்சினை இல்லை. பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ், டியூஷன், நோம்பி, கல்யாண வீடு என்று வரும்போதுதான் ஆங்கிலம் தெரிந்த யாரோ ஒருவர் படித்துவிட்டு முகம் சுளிக்கிறார். அமெரிக்கப் பிள்ளைகள் படித்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள். நம் பிள்ளைகள் பலர் படிக்காமலே சுமக்கிறார்கள். நம் கதையில் பெரிய வித்தியாசம் இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் குழுவில் மூன்று நாள் ஒரு பெண் பிள்ளையின் சட்டையைப் பற்றி மட்டுமே பேசினோம். அதே நோம்பிப் படங்களை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று பையன்கள் நெஞ்சில் அதைவிட மோசமான வாசகங்கள் இருந்தன. அதில் ஒன்று பெண்களை நேரடியாக இழிவு செய்வது. அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மானம், மரியாதை எல்லாம் பெண் பிள்ளையின் துணியில் மட்டும்தான் தைத்திருக்கிறதா? ஒரு பெண்ணின் உடையில் என்ன எழுதியிருந்தாலும் அது பையன்கள் கேலி பேசுவதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. இதைப் பையன்களைப் பெற்றவர்கள் தங்கள் வீட்டில் சொல்ல வேண்டும்.

சரி, என் கருத்து என்ன? மழுப்பாமல் சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு, அதாவது ஏழாம் எட்டாம் வகுப்பு வரை, இரட்டை அர்த்த வாசகம் கூடவே கூடாது. அந்த வயதில் அது அவர்கள் பேச்சு அல்ல, யாரோ பெரியவரின் பேச்சு. வாங்காமல் இருப்பது பெற்றோர் பொறுப்பு. தெரியாமல் வாங்கிவிட்டால் பிள்ளையைத் திட்டாமல் துணியை மாற்றுங்கள்.

அதற்கு மேலே வளர்ந்த பிள்ளைகளிடம் தடை மட்டும் போட்டால் பலன் இல்லை. வீட்டு வாசலில் ஒரு சட்டை, தெருமுனையில் வேறு சட்டை என்று ஆகும். அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எழுதியிருப்பதை உன் அம்மிச்சிக்குத் தமிழில் சொல்லிக் காட்ட முடியுமா? இது உன் கருத்தா, இல்லை உன் நெஞ்சை வாடகையில்லாமல் எடுத்துக்கொண்ட கம்பெனியின் கருத்தா? இது உன்னையோ இன்னொருவரையோ சிறுமைப்படுத்துகிறதா? மூன்றுக்கும் முகம் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளை, ஈஸ்டன் மாணவிகள் மாதிரி, நமக்குப் பிடிக்காத ஒன்றைப் போட்டிருந்தாலும் காது கொடுத்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் தலையைக் குனியும் பிள்ளைக்குத் தன்னாலேயே விளங்கிவிடும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுற்றுலா, விளையாட்டு விழா நாட்களில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், கூட்டத்தின் நடுவே பிள்ளையை நிறுத்தி வாசகத்தை வாசிக்க வைக்காதீர்கள். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள். அவமானப்பட்ட பிள்ளை பாடம் கற்றுக்கொள்ளாது, ஒளித்துவைக்கத்தான் கற்றுக்கொள்ளும். ஒளித்துவைப்பதன் விலை என்ன என்று என் பெரியம்மா கதையில் சொல்லிவிட்டேன்.

முடிக்கும் முன் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, வீட்டில் உள்ள எழுத்துப் போட்ட பனியன், டீ-ஷர்ட் எல்லாவற்றையும் கட்டில்மேல் போடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றாக வாசித்துத் தமிழில் பொருள் சொல்லச் சொல்லுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதியைப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். எதை வைத்துக்கொள்வது, எதைத் தரை துடைக்கப் போடுவது என்று பிள்ளைகளே பிரிக்கட்டும். அப்பாவின் பனியன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள், ஆர்டரில் வந்த வாசகம் எதையாவது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது உண்டா என்று கீழே எழுதுங்கள். தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

வழக்கம்போல் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்